மீன் தொட்டிச் செடிக்கு எந்த உப்பு குறைகிறது? இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம், இலை வெளுத்தால் இரும்பு. செடி வைத்த மீன் தொட்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில்தான் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றி, செடி போய்ப் பாசி மட்டும் செழிப்பாக நிற்கும். நானும் அப்படி நின்றவன்தான். அந்தக் கதை கீழே வருகிறது.

முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அளவுகள் எல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்கு. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மண்ணும் கல்லும் பிடிக்கும் இடத்தைக் கழிக்க மறக்க வேண்டாம். நகை எடை போடுவது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் வேண்டும். கண் மதிப்பில் ஒரு சிட்டிகை என்பது ரசத்துக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

முதலில்: பழைய இலையா, புது இலையா?

கெட்டுப்போன இலை செடியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறத்தையும் ஓட்டையையும் விட இதுதான் முக்கியமான தடயம்.

தழைச் சத்து, மணிச் சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. நம் ஊர் விவசாயிகள் தழை, மணி, சாம்பல் என்று சொல்வது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றையும்தான். வெளியிலிருந்து இவை கிடைக்காவிட்டால், பழைய நகையை அழித்துப் புது நகை செய்வது போல, செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புதுக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் கெடும். நுனி கொஞ்ச நாள் நன்றாகவே இருக்கும்.

சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் அப்படி இல்லை. கால்சியம் இலையின் செல் சுவரிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி இன்னொரு வீட்டுக்குப் பூச முடியுமா? முடியாது. ஆகவே இவை குறைந்தால் பழைய இலைகள் பச்சையாகவே இருக்க, புதிதாக வரும் இலை மட்டும் கோணலாகவோ வெளுப்பாகவோ வரும்.

இன்னொன்று. கெட்டுப்போன இலை திரும்ப நன்றாகாது. சரியான உப்பைப் போட்டாலும் ஓட்டை ஓட்டையாகவேதான் இருக்கும். குணம் தெரிகிறதா என்பதை அடுத்து வரும் இலையில் பார்க்க வேண்டும். ரொட்டாலா, ஹைக்ரோஃபிலா போன்ற வேகமான தண்டுச் செடிகளில் ஒன்று, இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அனுபியாஸ் போன்ற மெதுவான செடியில் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் பொறுமை போய் இரண்டாவது பாட்டிலைத் திறந்துவிட்டால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.

அடுத்து: உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

உப்பு வாங்கும் முன், தண்ணீரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் தாராளமாக இருக்கும். பக்கெட்டில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நிலைமை தலைகீழ். அது மென்மையான தண்ணீர், குடிக்க அருமை, ஆனால் செடிக்குத் தேவையான தாதுக்கள் குறைவு. ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறவர்கள் தொட்டிக்குக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீரையே ஊற்றுகிறார்கள்.

இதற்கு டிடிஎஸ் பேனா போதாது. அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும், ஜிப்சத்தைக் கரைத்தாலும் ஏறும். தேவையானது துளிவிட்டுப் பார்க்கும் ஜிஎச் சோதனைக் குப்பி. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு துளியாக விட்டு, எத்தனையாவது துளியில் நிறம் மாறுகிறது என்று எண்ண வேண்டும். பொதுவாக ஒரு துளிக்கு ஒரு டிகிரி. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை இது. 4 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். அதற்கு மேல் இருந்தாலும் அநேகமாகத் தாங்கும். 3-க்குக் கீழே போனால்தான் கவலை.

இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அறிகுறி: வாங்கி வந்து இரண்டே வாரத்தில் இலையெல்லாம் கொழகொழவென்று கரைகிறது

எந்த உப்பும் போடாதீர்கள். சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கும் செடிகளில் பலவும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டவை. அந்த இலை காற்றுக்கான இலை. தண்ணீருக்குள் வைத்ததும் செடி அதைக் கழற்றிவிட்டுப் புது இலை விடும். கிரிப்டோகோரைன் இதில் ரொம்ப ரோசக்காரச் செடி. இடம் மாற்றினாலும் தண்ணீர் மாறினாலும் மொத்தமாக இலையை உதிர்க்கும். கிழங்கும் வேரும் கெட்டியாக இருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். அழுகிய இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள்.

அறிகுறி: பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டைகள்

முதலில் கரும்புள்ளியோ பழுப்புப் புள்ளியோ வரும். பிறகு அதே இடம் ஓட்டையாகும். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் விளிம்பு இருக்கும். ஹைக்ரோஃபிலாவிலும் ஜாவா ஃபெர்னிலும் நன்றாகத் தெரியும். (நம் ஊர் வாய்க்கால் ஓர நீர்முள்ளியும் ஹைக்ரோஃபிலா இனம்தான், தொட்டியில் வைக்கும் செடிக்குப் பங்காளி.) இது சாம்பல் சத்துக் குறைவு.

மீனுக்குப் போடும் தீனியிலிருந்து தழைச் சத்தும் மணிச் சத்தும் ஓரளவு தொட்டிக்கு வந்துவிடுகின்றன. பொட்டாசியம் அந்த அளவுக்கு வருவதில்லை. அதனால் தொட்டியில் அடிக்கடி தீர்ந்துபோவது இதுதான்.

போட வேண்டியது பொட்டாசியம் சல்பேட். 100 லிட்டருக்கு 2.2 கிராம் போட்டால் பொட்டாசியம் லிட்டருக்கு 10 மி.கி. ஏறும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிய பிறகு போடுங்கள். இது கரையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றுவது நல்லது. அளவு கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு உடனே ஆபத்து வருகிற உப்பு இல்லை. தொடங்குகிறவர்கள் பயமில்லாமல் கையாளக்கூடிய உப்பு இதுதான்.

ஓட்டை இருந்தும் மஞ்சள் விளிம்பு இல்லையென்றால், கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: அடி இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்கிறது, வளர்ச்சி மந்தம்

நரம்பு, நடு, விளிம்பு என்ற வித்தியாசம் இல்லாமல் இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகிறது. அடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து, தண்டு மொட்டையாக நிற்கிறது. புது இலைகள் சின்னச் சின்னதாக வருகின்றன. தழைச் சத்துதான் குறைகிறது. மீன் குறைவாகவும் செடி அடர்த்தியாகவும் இருக்கும் தொட்டியில் சகஜம்.

நைட்ரேட் சோதனையை முதலில் தொட்டியிலும், அடுத்து குழாய்த் தண்ணீரிலும் செய்து பாருங்கள். போர் தண்ணீரில் பல இடங்களில் நைட்ரேட் ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருக்கும். அப்படியென்றால் மஞ்சளுக்குக் காரணம் வேறு. தொட்டியில் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் போடலாம். 100 லிட்டருக்கு 1.6 கிராம், நைட்ரேட்டை 10 மி.கி. ஏற்றும். கூடவே 6 மி.கி. பொட்டாசியமும் சேரும் என்பதால் பொட்டாசியம் சல்பேட்டை அந்த வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் என்பது வேறொன்றும் இல்லை, பழைய வெடியுப்புதான். உரக்கடையில் 13:0:45 என்று (தழை, மணி, சாம்பல் வரிசையில்) கேட்டால் புரியும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும், தண்ணீரில் முழுதாகக் கரையும் உரம் அது. அதே வரிசையில் 0:0:50 என்பது பொட்டாசியம் சல்பேட், 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். மூன்றிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் ஒரு வீட்டுத் தொட்டிக்கு வருடக்கணக்கில் வரும். மீன் கடையில் குட்டிப் பாட்டிலில் விற்கும் திரவ உரங்களில் பலவற்றிலும் இருப்பது இதே உப்புகள்தான், கூடவே நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஆனால் உரக்கடைக்குப் போனவர்கள் கை நீட்டக் கூடாதவையும் உண்டு. யூரியா, டிஏபி, 19:19:19. இவற்றில் தழைச் சத்து பெரும்பாலும் யூரியாவாகவோ அம்மோனியமாகவோ இருக்கும். வயலில் பிரமாதம், மீன் இருக்கும் தொட்டியில் விஷம். பிஎச் 7.5-க்கு மேலே உள்ள தண்ணீரில் அம்மோனியத்தில் கூடுதல் பங்கு அம்மோனியாவாக மாறி மீனின் செவுளைத் தாக்கும்.

அறிகுறி: பழைய இலையில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள்

மக்னீசியம். பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் உட்கார்ந்திருக்கும் உலோகமே இதுதான், அது குறைந்தால் பச்சை போகத்தானே செய்யும்.

மருந்துக்கடையில் எப்சம் உப்பு கிடைக்கும், பாட்டி காலத்துப் பேதியுப்பு. வாசனை, நிறம் எதுவும் சேர்க்காத வெறும் உப்பாக இருக்க வேண்டும். குளியலுக்கென்று லாவெண்டர் கலந்து விற்பது வேண்டாம். 100 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் மக்னீசியம் கிட்டத்தட்ட 5 மி.கி. ஏறும், ஜிஎச் ஒரு டிகிரிக்குச் சற்று மேலே கூடும். ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு தண்ணீர் மாற்றும்போது மாற்றுகிற அளவுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சேர்த்தால் போதும். 50 லிட்டர் மாற்றினால் 2.5 கிராம்.

அறிகுறி: புதிதாக வரும் இலை வெளிறி, வெள்ளையாகவே வருகிறது

இதிலும் நரம்பு பச்சையாகத் தெரியும். ஆனால் இது நுனியில். கீழே உள்ள பழைய இலைகள் நன்றாக இருக்கும். சிவப்பு லுட்விஜியா, ரொட்டாலா போன்றவற்றில் சிவப்பு மங்கி வெளிர் மஞ்சளாக வரும். இரும்புச் சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை.

நான் “இரும்பு இல்லை” என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் இரும்பு போடாததால் வருவதில்லை, போட்ட இரும்பு தண்ணீரில் நிற்காததால் வருகிறது. இரும்பைத் தனியாகப் போட்டால் சீக்கிரமே துருவாகிக் கீழே படிந்துவிடும். அதனால்தான் அதை ஒரு கரிமச் சேர்மத்துக்குள் பிடித்து வைத்து விற்கிறார்கள். சீலேட் என்பது அதுதான், இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும் நண்டுக் கொடுக்கு மாதிரி. எந்தக் கொடுக்கு என்பதில்தான் விஷயம். இடிடிஏ என்ற கொடுக்கு பிஎச் சுமார் 6.5 வரை நன்றாகப் பிடிக்கும், அதற்கு மேலே போகப் போகக் கைவிட்டுவிடும். டிடிபிஏ சுமார் 7.5 வரை தாங்கும். இடிடிஎச்ஏ என்பது அதற்கு மேலேயும் விடாது. ஆனால் தண்ணீரை ரோஸ்மில்க் மாதிரி ஆக்கிவிடும், அதைப் பார்க்கச் சகிக்காது.

போர் தண்ணீர் பிஎச் 7.5-லிருந்து 8 வரை இருக்கும் தொட்டியில் இடிடிஏ இரும்பை வாரம் ஒருமுறை ஊற்றினால், செடி பார்ப்பதற்குள் அது போய்விடும். பாட்டிலிலோ பொட்டலத்திலோ எந்த சீலேட் என்று படித்துப் பாருங்கள். 11 சதவீத டிடிபிஏ இரும்புத் தூள் கிடைத்தால், 4.5 கிராம் எடுத்து அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இதில் 10 மி.லி. எடுத்து 100 லிட்டருக்கு ஊற்றினால் லிட்டருக்கு 0.1 மி.கி. இரும்பு. மொத்தமாக வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றுவதைவிட, வாரத்தில் மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றுவது பலன் தரும். கரைசலை வெளிச்சம் படாத பாட்டிலில் வைக்க வேண்டும், வெளிச்சம் சீலேட்டைச் சிதைக்கும். நாளாக ஆகப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பழுப்பு நிறத்தில் பானகம் மாதிரியே இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஃபிரிட்ஜே வேண்டாம்.

இன்னொரு தவறு, இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே பாட்டிலில் கலந்து வைப்பது. இரண்டும் சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாகக் கீழே உறைந்துவிடும், இரண்டுமே செடிக்குக் கிடைக்காது. தனித்தனிப் பாட்டில், ஒருநாள் விட்டு ஒருநாள்.

அறிகுறி: நுனி கோணிக்கொண்டு, புது இலை சுருங்கி, கொக்கி போல வளைகிறது

இங்கேதான் என் கதை. ரொட்டாலா நுனிகள் ஒவ்வொன்றாகக் குறுகி, இலைகள் முறுக்கிக்கொண்டு, கடைசியில் கொழுந்தே கருகின. புது இலை கெடுகிறது, சரி, இரும்புதான் என்று முடிவு கட்டினேன். கடைக்காரரும் அதையே சொன்னார். இரண்டு பாட்டில் காலி. நுனி இன்னும் மோசமானது. கால்சியம் குறைவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் அடுக்குமாடி வீட்டில் வருவது போர் தண்ணீர், டிடிஎஸ் 900. பருப்பு வேகாத தண்ணீர். அதிலா சுண்ணாம்புக்குப் பஞ்சம்?

அம்மாதான் போகிறபோக்கில் சொன்னார்: “முன்ன மாதிரி இல்லடா இந்தத் தண்ணி. இப்ப சோப்பு போட்டா வழவழன்னு போகவே மாட்டேங்குது.”

அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்துக்கு முன் குடியிருப்பில் எல்லோரும் பணம் போட்டு சம்ப் பக்கத்தில் ஒரு பெரிய சாஃப்ட்னர் வைத்திருந்தார்கள். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அதன் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். அதற்காகத்தான் வாட்ச்மேன் அதில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டிக்கொண்டிருந்தார். மொத்த உப்பு அப்படியே இருப்பதால் டிடிஎஸ் பேனா 900 என்றே காட்டியது. ஜிஎச் குப்பி வாங்கி வந்து ஒரு துளி விட்டேன். முதல் துளியிலேயே நிறம் மாறிவிட்டது. ஒரு டிகிரிகூட இல்லை.

இதே மாதிரி நுனி கோணினால் செய்ய வேண்டியது:

ஜிஎச் பாருங்கள். 3-க்குக் கீழே என்றால் விஷயம் முடிந்தது, கால்சியம்தான். தொட்டியில் நத்தை இருந்தால் ஓடு வெளுத்துக் குழி விழுந்திருக்கும், இறால் இருந்தால் சட்டை உரிக்க முடியாமல் சாகும். இவையும் அதே கதையைச் சொல்லும்.

ஜிஎச் 6, 8 என்று நன்றாக இருந்தும் நுனி கோணினால் கால்சியத்தை விட்டுவிடுங்கள். செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் குமிழி சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று ஏறி இறங்கினாலும் நுனி இப்படிக் குறுகும். இரும்பு, தாமிரம் போன்றவை கலந்த நுண்ணூட்டக் கலவையை அளவுக்கு மேல் ஊற்றினாலும் வரும். அப்போது எதையும் சேர்க்காமல் இரண்டு வாரம் பாதிப் பாதித் தண்ணீர் மாற்றிப் பார்ப்பதே மருந்து.

கால்சியத்துக்குச் சுலபமான உப்பு ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். 100 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் ஜிஎச் ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். மெதுவாகத்தான் கரையும், தொட்டி சில மணி நேரம் கலங்கலாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். ஒரே நாளில் 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், மீனுக்கு அதிர்ச்சி. வயலில் கொட்டும் ஜிப்சம் அழுக்கும் கல்லுமாக இருக்கும், உணவுத் தரத்தில் கேளுங்கள். வீட்டில் டோஃபு செய்கிறவர்கள் வாங்கும் அதே பொடிதான். கால்சியம் போடும்போது கூடவே கொஞ்சம் எப்சம் உப்பும் சேர்ப்பது நல்லது. மூன்று பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு மக்னீசியம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அது ஒன்றும் மந்திரக் கணக்கு இல்லை, கொஞ்சம் முன்பின் ஆனாலும் செடி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் சாஃப்ட்னர் தண்ணீரிலேயே ஜிப்சத்தைப் போடுவது அரைகுறை வைத்தியம். கால்சியம் வரும், சோடியம் போகாது. நான் ஜிப்சத்தை விட்டுவிட்டேன். தோட்டக் குழாய்க்குச் சாஃப்ட்னர் வழியாகப் போகாத நேரடி போர் தண்ணீர் வருகிறது. அதில் ஒரு பங்கும் ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கும் கலந்து ஊற்றினேன். ஜிஎச் 6-க்கு வந்தது, மூன்றாவது வாரத்தில் நேரான நுனி வந்தது, பைசாச் செலவில்லை. ஒரு எச்சரிக்கை: ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைச் செடிக்கு நல்லதென்று தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போவது சாஃப்ட்னர் தண்ணீர் என்றால் கழிவில் வருவது இன்னும் கெட்டியான சோடியத் தண்ணீர்.

அறிகுறி: அனுபியாஸ் இலையிலும் கண்ணாடியிலும் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள்

விரல் நகத்தால் சுரண்டினாலும் வராது, கண்ணாடியில் பிளேடு போட வேண்டும். பாசி வந்ததும் பாஸ்பேட் கூடிவிட்டது என்று பயப்படுகிறோம். இந்தப் பாசியில் மட்டும் பெரும்பாலும் உல்டா: வெளிச்சம் அதிகம், மணிச் சத்து குறைவு. விளக்கு நேரத்தை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 7 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் 10 மி.லி. ஊற்றினால் 100 லிட்டரில் பாஸ்பேட் 1 மி.கி. ஏறும். வாரம் ஒருமுறை போதும்.

பாஸ்பேட் போடக் கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் நீர்ச்செடி வல்லுநர் டாம் பார், குறிப்பிட்ட அளவில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாகப் போட்டு, வாரம் பாதித் தண்ணீரை மாற்றிவிடும் முறையைப் பரப்பினார். சத்து மிகுந்தாலே பாசி வரும் என்ற பழைய நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது. பலமான வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் உள்ள தொட்டிக்கு அந்த முறை நன்றாகப் பொருந்தும். சாதாரண எல்இடி விளக்கு மட்டும் உள்ள வீட்டுத் தொட்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம் என்பது என் அனுபவம்.

அறிகுறி: இலை மேல் வெள்ளையாக மாவு படிந்தது போல

தடவினால் சுண்ணாம்புத் தூள் மாதிரி நெரிகிறதா? இது குறையே இல்லை. கடினமான தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு போதாதபோது, வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகள் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சுண்ணாம்பு இலை மேலேயே படியும். உப்பு சேர்த்தால் இன்னும் கூடும். ஆர்ஓ தண்ணீர் கலந்து கடினத்தைக் குறைக்கலாம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம், செடி சாகாது.

அறிகுறி: உப்புப் போட்டதும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

காரணத்தைப் பிறகு தேடலாம். உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்து ஊற்றுங்கள். காற்றுப் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். சிலிண்டர் இருந்தால் மூடிவிடுங்கள். இறால் மட்டும் தடுமாறி மீன் நன்றாக இருந்தால் சந்தேகம் தாமிரத்தின் மேல் போகட்டும். பயிருக்குத் தெளிக்கும் நுண்ணூட்டக் கலவைகளில் தாமிர சல்பேட் இருக்கும், பயிர் தாங்கும் அளவை இறால் தாங்காது. தண்ணீரை மாற்றி ஃபில்டரில் கரித்தூள் பை போடுங்கள். அந்தப் பொட்டலத்தை மொட்டை மாடித் தொட்டிச் செடிக்குக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பொட்டாசியம் போட்டும் ஓட்டை நிற்கவில்லை

அமேசான் வாள் செடியின் அகல இலையில் பெரிய பெரிய ஓட்டை. விளிம்பில் மஞ்சள் இல்லை, கரும்புள்ளியும் இல்லை. சில இடத்தில் இலையின் தோல் மட்டும் போய்க் கண்ணாடிக் காகிதம் போலத் தெரிகிறது. ஓட்டை பழைய இலை, புது இலை என்று பார்க்காமல் எங்கும் விழுகிறது. இப்படியென்றால் தராசை எடுத்து வைத்துவிட்டு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான் இரண்டு மாதம் பொட்டாசியம் சல்பேட் போட்டேன். டார்ச் அடித்த அன்று இரவு, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி வாங்கி வந்த சக்கர் மீன் வாள் செடி இலையில் குப்புறப் படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அதற்கு ராத்திரியில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடுகிறேன். இலைக்கு ஓட்டை விழுவது நின்றுவிட்டது. கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன்.